கைதொட்டால் வள்ளம் இல்லை

பெமிலாவுக்கு முடியாது என்று சொல்ல வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் இலையை மூடுவதற்குள் இன்னொரு கரண்டி சோறு விழுந்தால் அதையும் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். சபையில் பெண்கள் கூட்டத்துக்கு யாரும் ஏற்காத வேலை கடைசியில் அவள் தலையில்தான் வந்து விழும். கட்டிய புருஷன் யோவான் தனக்குத் தோள்பட்டை போய்விட்டது, இனி நீ துடுப்பைப் பிடி என்று சொன்னபோதும் அப்படித்தான். சரி என்றாள். அன்றிலிருந்து எங்கள் ஆனக்குழிக்காரர்களுக்கு அவள்தான் வள்ளக்காரி.

ஆனக்குழி கல்லாந்தோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தோடு என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. பார்க்க ஒன்றும் பெரிதில்லை, கையில் வலுவுள்ளவன் எறிந்தால் கல் அக்கரையில் போய் விழும். ஆனால் மலையிலிருந்து நேரே இறங்கி வருகிற தோடு, நின்று நிதானிக்கத் தெரியாது. திற்பரப்பு அருவியில் குளிக்க வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிற தண்ணீரில் எங்கள் கல்லாந்தோட்டுத் தண்ணீரும் கொஞ்சம் உண்டு. அக்கரையில் ரப்பரும் நாலைந்து டஜன் வீடுகளும் நாங்களும். இக்கரையில் சபை, கடை, பஸ், நான் வேலை பார்க்கிற அங்கன்வாடி. எஸ்டேட்டைச் சுற்றி ஒரு ஜீப் ரோடு இருந்தது, மழையில் அதில் பாதி பெயர்ந்து போனது. பாலத்துக்கு அளவெடுக்க ஆள் வரும்போதெல்லாம் அவர்களையும் பெமிலாதான் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய் இடம் காட்டுவாள்.

வள்ளம் அயினிப் பலகையில் செய்தது, சின்னது, அடி தட்டை. ஆறு பேர் உட்காரலாம். ஏறுகிற எல்லாரிடமும் அவள் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். பையைக் கழுத்தில் மாட்டாதீர்கள். சேலையை மடித்துச் செருகுங்கள். கரையில் நிற்கிற கொப்பைப் பிடிக்காதீர்கள். கவிழ்ந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், மல்லாந்து காலை முன்னால் நீட்டிக்கொண்டு போங்கள். தினமும் போகிற எனக்கும் இதைச் சொல்வாள். நானும் தினமும் தலையாட்டுவேன்.

தண்ணீர் குறைந்த மாசி பங்குனியில்தான் ஆட்களுக்குத் தைரியம் கூடும். முழங்கால் தண்ணீர்தானே, இறங்கி நடந்தால் என்ன என்பார்கள். அவளுக்கு அந்தத் தண்ணீரிலும் பயம் உண்டு. கல்லிடுக்கில் பாதம் மாட்டினால் முழங்கால் தண்ணீரே ஆளைக் குப்புறத் தள்ளி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நடுத்தரமான தண்ணீர்தான் அவளுக்குப் பிடிக்கும். அப்போது கல்லெல்லாம் மூழ்கியிருக்கும், பெரிய பாறைகளுக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் ஓடாமல் கிடக்கும். கரையோரமாகவே கழுக்கோலால் ஊன்றி அத்திமரம் வரை மேலே போவாள். அங்கே வள்ளத்தின் மூக்கை மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஓடுகிற தண்ணீரே அக்கரைக்குத் தள்ளிவிடும். நடுவில் ஒரு பாறையின் பின்னால் வள்ளத்தைச் செருகி மூச்சு வாங்குவாள். நேரே அக்கரையைப் பார்த்துத் துடுப்புப் போடுகிறவன் கீழே ஈத்தங்காட்டில் போய் நிற்பான்.

அந்த ஈத்தங்காடுதான் எங்கள் எல்லாருக்கும் எமன். மூங்கிலைப் போல நெருக்கமாக வளர்ந்து தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும். தண்ணீர் அதற்குள் புகுந்து வெளியே போய்விடும், ஆள் போக முடியாது. தண்ணீர் கூடக் கூட, வள்ளம் செருகி நிற்கிற இடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஒரு மட்டத்துக்கு மேல் ஓட்டம் முழுவதும் ஈத்தங்காட்டின் வாய்க்குள்தான் போய் விழும். அந்த மட்டத்தைக் காட்டுவதுதான் சிலுவைப்பாறை.

வள்ளத்தில் ஏறி இறங்குகிற கடவுக்கு நேரே தோட்டின் நடுவில் நிற்கிற பாறை அது. யார் எப்போது வரைந்ததோ, சுண்ணாம்பில் ஒரு சிலுவை. தண்ணீர் சிலுவையின் காலைத் தொட்டால் பாதி ஆள்தான். கையைத் தொட்டால் வள்ளம் இல்லை. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு ரப்பர் ஷீட்டுக் கட்டோடு வள்ளத்தில் ஏறுகிற பொன்னுலிங்கம், அய்யாவழிக்காரர். “அது உங்களுக்குச் சிலுவை, எனக்கு அளவுகோல்” என்பார். அவரும் கைதொட்டால் திரும்பிப் போய்விடுவார்.

இதில் பெமிலாவுக்கு இருந்த பெரிய நிம்மதி, வராது என்று அவள் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பது. கடவில் வந்து நின்றவர்கள் பாறையைப் பார்த்துவிட்டு, “கை தொட்டிற்று” என்று தாங்களே சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். பாறையிடம் கோபிக்க யாரும் இல்லை. முடியாது என்று சொல்லத் தெரியாத ஒருத்தி இத்தனை வருஷம் வள்ளக்காரியாக இருந்தது அந்தப் பாறையின் தயவில்தான்.

போன பங்குனியில் சபையின் பிரதிஷ்டை பண்டிகைக்காக வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் அந்தச் சிலுவையைப் புதுப்பித்தார்கள். பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு வெள்ளை எனாமல் பெயிண்டில் வரைந்தார்கள். பஸ் ரோட்டில் இருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று பெரிதாக வரைந்தார்கள். பெரிதாக்கினால் கையும் மேலே போகும்தானே. ஒரு சாண் போயிருக்கும். நல்ல பெயிண்ட், நல்ல வேலைப்பாடு, போதகர் ஜெபம் பண்ணி ஆரம்பித்து வைத்தார். இப்படி ஒரு தப்பைச் செய்ய ஜெபக்கூட்டத்துக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளைகளால்தான் முடியும்.

பெமிலா மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். வாலிபர் ஐக்கியச் செயலாளர் ஸ்டெனியிடம் போய்ச் சொன்னாள்.

“மக்கா, கை மேல போயிற்றே.”

“ஆண்டவருக்க கை உசரத்துல இருந்தா நல்லதுதானே அக்கா” என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். வேறென்ன செய்வாள், அவளுக்குத்தான் எதிர்த்துச் சொல்ல வராதே.

பழைய கை இருந்த இடத்துக்குச் சரியாகக் கீழே பாறையில் ஒரு வெடிப்பு உண்டு. அவள் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டாள். ஆனால் வெடிப்பை மற்றவர்கள் யாரும் ஏற்கவில்லை. வைகாசி மழையிலேயே தொடங்கிவிட்டது. தண்ணீர் வெடிப்பில் நிற்கும், புதுக் கைக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும். “கை தொடல்லியே அக்கா, பின்ன என்ன?” என்று கேட்பார்கள். இவள் அந்த வெடிப்பைக் காட்டுவாள். வேலைக்கு நேரமாகிறவனுக்கு வெடிப்பில் என்ன இருக்கிறது. ஒருவன் சோம்பல் என்றான், ஒருத்தி கர்வம் என்றாள். நேற்றுவரை பாறை சொல்லி வந்ததை இன்று அவள் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் ஆளுக்கொரு தடவை. சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தால் துடுப்புப் போட்டதால் வந்த களைப்பா, பேசிப் பேசி வந்த களைப்பா என்று அவளுக்கே தெரியாது.

“துடுப்புப் போட்டா கைதான் நோவும் டீச்சர்” என்றாள் ஒருநாள். “வேண்டாம்னு சொன்னா ஆளு முழுசா நோவுது.”

வீட்டில் யோவானாவது துணை நின்றிருக்கலாம். அவர் கட்டிலில் இருந்துகொண்டு, “எனக்க காலத்துல நான் இதைவிடக் கூடுன வெள்ளத்துல போயிருக்கேன்” என்பார். வெள்ளம் என்றால் எங்களுக்குச் சாதாரணத் தண்ணீர்தான். அவர் போனது உண்மைதான். வள்ளம் ஈத்தங்காட்டில் அடித்துத் தோள்பட்டை போனதும் அப்படிப் போன ஒரு நாளில்தான். அந்தக் கடைசிப் பாகத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெஸ்பினுக்கு வரன் வந்தது. ஜெஸ்பின் அவர்களுடைய ஒரே மகள், மார்த்தாண்டத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. பையன் ஜெபிஷ், குளச்சல் ரோட்டில் டைல்ஸ் கடை. பிள்ளைகள் இரண்டு பேரும் போனில் பேசத் தொடங்கி, ஜெஸ்பின் வள்ளத்தில் தானாகச் சிரித்துக்கொண்டே வருகிற அளவுக்கு விஷயம் போயிருந்தது. இதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் கடவு வரை வந்து, வள்ளத்தைப் பார்த்து, போய்ச் சொல்லுகிறோம் என்று போனவை. இந்த ஒரு வீட்டுக்காரர்கள்தான் வள்ளமானால் என்ன என்றார்கள். அவர்களிலும் பையனின் தாய்மாமனுக்கு அரை மனசுதான். நிச்சயத்தன்று பெண்ணின் வீட்டையும் கண்டு, அங்கேயே கைநனைத்துவிட்டுத்தான் பேச்சை முடிப்போம் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கமும் அதுதான், பெண் வீட்டில் சாப்பிட்டால்தான் சம்மதம்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. காலையில் நானும் பெமிலாவும் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்க இக்கரைக்கு வந்தோம். அவள் பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் மடித்துச் செருகியிருந்தாள். தண்ணீர் அப்போது சிலுவையின் காலைத் தொடவில்லை, நல்ல வெயில். மூன்று நடையில் எல்லாரையும் கொண்டுபோய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். பத்து மணிக்கு வர வேண்டியவர்கள். தோவாளையிலிருந்து பூ வருவதற்குத் தாமதமானது என்று வேனும் காருமாக வந்து இறங்கியபோது உச்சியாகிவிட்டது.

எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. தோட்டைப் பார்த்தேன். சருகும் ரப்பர்க் காயும் வந்துகொண்டிருந்தன. வெறுங்கலக்கலாக வந்தால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம், கரையில் கிடக்கிற சருகை வாரிக்கொண்டு வந்தால் ஏறுகிறது என்று அர்த்தம். பெமிலா பாறையைப் பார்த்தபடி நின்றாள். வெடிப்பைக் காணவில்லை. புது வெள்ளைக் கைக்குக் கீழே நாலு விரல் இடம் இருந்தது.

வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்தோம். தாய்மாமன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வள்ளத்துக்கு அருகில் போனார்.

“முதல்ல ஆருக்க நடை மைனி?” என்று கேட்டார்.

பெமிலா அவர் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, இப்பம் போவாண்டாம். வெள்ளம் ஏறுது. சாயங்காலம் இறங்கும், அதுவரைக்கும் சபை ஹால்ல இருப்போம்” என்றாள்.

“சாயங்காலமா? போதகருக்கு மூணு மணிக்கு வேற கல்யாணம் உண்டும்லா.” அவர் பாறையைக் கையால் காட்டினார். வழியில் யாரோ அவருக்கு விவரம் சொல்லியிருக்க வேண்டும். “கை தொட்டாத்தான் வள்ளம் இல்லன்னு சொன்னாவ. இன்னும் தொடல்லியே.”

“அந்தக் கைய மேல தூக்கி வரைஞ்சிற்றாவ அண்ணாச்சி. பழைய கை வெள்ளத்துக்கு அடியில கெடக்குது.”

“சிலுவைய தூக்கி வச்சாவளா?” என்று அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஸ்டெனி அங்கேதான் நின்றுகொண்டிருந்தான், வீடியோ எடுக்கிறவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆமாம், நாங்கள்தான் மேலே வரைந்தோம் என்று. அவன் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்தப் பையனைக் கண்டால் எனக்கு ஆகாது.

தாய்மாமன் விடவில்லை. ஐந்து நிமிஷ வேலை என்றார். ஆண்டவர் இருக்கிறார் என்றார். வேண்டுமானால் பெண்கள் இருக்கட்டும், ஆண்கள் மட்டும் போகிறோம் என்றார். கடவுப் பலாமரத்தில் வள்ளத்தின் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன, அதைப் போட்டுக்கொண்டு போகலாமே என்று ஜெபிஷ் மெதுவாகக் கேட்டான். பாவம், நல்ல பையன்.

“ஜாக்கெட்டு மிதக்க வைக்கும் மக்கா. ஈத்தக்குள்ள போனா மிதந்து என்ன செய்ய?” என்றாள் பெமிலா.

அக்கரையில் பந்தலும் பச்சைக் கலரில் ஜெஸ்பினின் பட்டும் தெரிந்தன. பிள்ளை வாசலைவிட்டு இறங்கிக் கடவு வரைக்கும் வந்து நின்றிருந்தாள். கத்திப் பேசினாலும் தண்ணீர் இரைச்சலில் கேட்காது. ஆட்டுக்கறி மணம் மட்டும் காற்றோடு வந்துகொண்டிருந்தது.

கடைசியாகத் தாய்மாமன் யோவானுக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். “மச்சான், நீங்களும் வள்ளம் போட்ட ஆளுதானே. இந்த வெள்ளத்துல வரலாமா, வரக்கூடாதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

 வெட்கம் கெட்ட மனுஷன், தன் பெண்டாட்டியின் பேச்சு அறுந்து விழுகிறதா நிற்கிறதா என்பது தன் நாக்கில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. “நான் இதைவிடக் கூடுன வெள்ளத்துல வந்திருக்கேன்” என்றார். “அது அவளுக்க பயம்.”

பெமிலாவின் முகத்தை நான் பார்த்தேன். அழுகிற முகம் இல்லை. ராத்திரி முழுக்க உறங்காதவளின் முகம். குனிந்து வள்ளத்துக் கயிற்றைப் பலாமரத்து வேரில் இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

“எனக்க மவளுக்க நிச்சயம் அண்ணாச்சி. நடக்கணும்னு என்னைவிட ஆருக்கு ஆசை இருக்கப் போவுது” என்றாள். “ஆனா கொண்டு போமாட்டேன்.”

அவள் வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக ஒரு முடியாது வந்து நான் கேட்டதில்லை. சபை ஹாலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். ஜெபிஷின் அம்மாவுக்குக் காத்திருக்கலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது, யாரும் அவளைக் கேட்கவில்லை. போதகர் வாட்சைப் பார்த்தார். பூத்தட்டு, பழத்தட்டு எல்லாம் திரும்பவும் வேனில் ஏறின. பெண்ணைக் கொடுக்க மனசில்லை என்றால் நேரே சொல்லியிருக்கலாமே என்று தாய்மாமன் போகிற போக்கில் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

எங்களுக்கும் வீட்டுக்குப் போக வழியில்லை. பட்டுச்சேலையோடு கடவில் உட்கார்ந்திருந்தோம். அக்கரையில் சமைத்ததை எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவுவது தெரிந்தது. இக்கரையில் நாங்கள் சாயாக்கடையில் இரண்டு பழம்பொரி வாங்கித் தின்றோம். தண்ணீர் வெள்ளைக் கையைத் தொடவே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் எரிச்சலாக இருந்தது. ஒரு பெரிய மரமாவது அடித்துக்கொண்டு வந்து ஈத்தங்காட்டில் மோதியிருந்தால் நாலு பேர் ஐயோ என்றிருப்பார்கள். ஒன்றும் வரவில்லை, தோடு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். போகாத வள்ளம் கவிழ்ந்திருக்கும் என்று யார் சாட்சி சொல்ல வருவார்கள்? அவள் செய்கிற வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காத ஒன்றுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

“ஒருவேளை போயிருக்கலாமோ டீச்சர்?” என்று பெமிலா கேட்டாள்.

“எனக்குத் தெரியாது பெமிலா.”

“எனக்கும் தெரியாதுதான். தெரியாம எப்பிடி பிள்ளைகளை ஏத்திக் கொண்டுபோவ?”

பொழுது சாயும்போது வெடிப்பு வெளியே தெரிந்தது. சருகு நின்று வெறுங்கலக்கல் மட்டும் வந்தது. சிலுவையின் கால் தெரிகிறவரை இன்னும் கொஞ்சம் காத்திருந்து, என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு அவள் அக்கரைக்குப் போனாள்.  வீட்டில் ஜெஸ்பின் நைட்டியை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் பவுடர் அழிந்திருந்தது, தலையில் பூ அப்படியே இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் தரகர் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், சகுனம் பார்க்க மாட்டோம், ஆனாலும் முதல் அடியே தடைபட்டால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறதே என்று. ஜெபிஷின் போன் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

ஜெஸ்பின் அம்மாவிடம் பேசுவதை விட்டாள். வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும், போக அதே வள்ளம்தானே. காலையில் வந்து முன்மூக்கில் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்வாள், இக்கரையில் இறங்கிப் போய்விடுவாள். மற்ற எல்லாரிடமும் பாடுகிற பாட்டைப் பெமிலா அவளிடமும் பாடுவாள். பையைக் கழுத்தில் மாட்டாதே மக்கா. அந்தப் பிள்ளை பையைக் கழற்றிக் கீழே வைக்கும். ஒரே ஒரு நாள், நானும் வள்ளத்தில் இருக்கும்போது, “அப்பான்னா கொண்டு வந்திருப்பாரு” என்றாள். துடுப்பு ஒரு போடு தப்பியது, வள்ளம் லேசாகத் திரும்பியது, பெமிலா நேராக்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இழந்தது அவள்தானே.

பெமிலா இளைத்துப் போனாள். கொஞ்சம் மழை கூடினாலும் கடவில் தர்க்கம், அதில் இப்போது ஒரு புது வார்த்தையும் சேர்ந்துகொண்டது. சொந்த மகள் நிச்சயத்தையே கெடுத்தவள், நம்மையா கொண்டுபோவாள். துடுப்பை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று என்னிடம் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அக்கரைக்குப் போக வேண்டும், துடுப்பு யாருக்கும் வேண்டாம்.

கார்த்திகையில் ஒரு காலை. ராத்திரி மலையில் பெய்திருக்கிறது, ஊரில் ஒரு துளி இல்லை. நான் கடவுக்குப் போனபோது பொன்னுலிங்கம் ஷீட்டுக் கட்டோடு நின்றார். கல்லூரிக்குப் போகிற ரேஷ்மி பரீட்சை என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வேறு மூன்று நாலு பேரும் இருந்தார்கள். பெமிலா கழுக்கோலை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். சருகு வந்துகொண்டிருந்தது. வெடிப்பு இருந்த இடம் தெரியவில்லை. வெள்ளைக் கை பளிச்சென்று உலர்ந்து கிடந்தது.

“கை தொடல்ல பாத்தியா” என்று பொன்னுலிங்கம் தொடங்கினார். “ஷீட்டு நனையாம கொண்டு விட்டிரு பெமிலா, ஒரே நடை.”

“அக்கா, ஒன்பதரைக்கு எனக்குப் பரீட்சை” என்றாள் ரேஷ்மி.

மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.  பெமிலா ஒரு கையைத் தூக்கி வெடிப்பு இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினாள், அதைப் பாதியில் இறக்கிவிட்டாள். அவ்வளவு பேரிடமும் மறுபடி ஒருமுறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.  கயிற்றின் பக்கமாகக் குனிந்தாள். இவள் இப்போது அவிழ்த்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது ஜெஸ்பின் வந்தாள். கையில் சாப்பாட்டுப் பை, லேப் யூனிஃபார்ம். நேரே வள்ளத்துக்குப் போய், வழக்கம்போல முன்மூக்கில் ஒரு காலை வைத்தாள். குனிந்து நின்ற அம்மாவையும் கயிற்றின் முடிச்சில் இருந்த அவள் கையையும் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள். தண்ணீரில் போகிற சருகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வைத்த காலை எடுத்துவிட்டாள்.

பையை என் கையில் கொடுத்துவிட்டுப் படியில் ஏறி, கூட்டத்துக்கும் வள்ளத்துக்கும் நடுவில் நின்றாள்.

“இன்னைக்கு வள்ளம் இல்ல” என்றாள்.

“கை தொடல்லியே மக்கா” என்றார் பொன்னுலிங்கம்.

“எனக்க நிச்சயத்தன்னைக்கும் தொடல்ல மாமா. எனக்கே இல்லன்னு சொல்லிற்று அம்மா. உங்களுக்கு மட்டும் வருமா?”

 பொன்னுலிங்கம் ஷீட்டுக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். ரேஷ்மி அழுதுகொண்டே கல்லூரிக்குப் போன் போட்டாள். ஜெஸ்பினும் லேப்புக்குப் போன் போட்டு, இன்று லீவு, தோட்டில் தண்ணீர் என்று சொன்னாள்.

பெமிலா முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். படியில் போய் உட்கார்ந்து, துடுப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள். ஜெஸ்பின் ஒரு படி கீழே, அவளுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். அடுத்து யாராவது வந்து கேட்டால் சொல்வதற்கு வசதியாக, பாதையைப் பார்த்து.